மூன்றெழுத்தில் நாட்றாம்பாளையம்!
டெர்மினலில் தாவும் ஒரு குட்டிக் கருவியின் திரைக்குப் பின்னால்

கறுப்புத் திரை. அதில் மினுக்மினுக்கென்று ஒரு கர்சர். ‘இசட்’ என்று ஓர் எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு ‘நாட்றா’. என்டர்!

அவ்வளவுதான். வீடு/ஆவணங்கள்/கள ஆய்வு/கிருஷ்ணகிரி/அஞ்செட்டி/நாட்றாம்பாளையம் என்று ஆறு அடுக்கு ஆழத்தில் கிடந்த டைரக்டரிக்குள் வந்து நிற்கிறேன். மவுஸைத் தொடவில்லை. ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து இறங்கவில்லை. முழு வழியையும் டைப் அடிக்கவில்லை. ‘எந்த நாட்றா?’ என்று கருவி திருப்பிக் கேட்கவும் இல்லை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது சலிப்பதே இல்லை!

இந்த வேலையைச் செய்வது ஸாக்ஸைடு. 2020-ல் அஜீத் டிசோசா ரஸ்ட் மொழியில் எழுதி வெளியிட்ட கட்டளைக் கருவி. அதன் மூலநிரல் முழுவதும் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. கதவு திறந்திருக்கும்போது எட்டிப் பார்க்காமல் போக முடியுமா? என்டர் விசை அமுங்கியதற்கும் ஊர் வந்து சேர்ந்ததற்கும் இடையிலுள்ள அந்தக் கண்ணிமைப் பொழுதுக்குள் நுழைந்து பார்த்தால், உள்ளே 50 ஆண்டுக் கதை இருக்கிறது. ஓர் அமெரிக்க ஆய்வுக்கூடம் இருக்கிறது, ஆஸ்திரிய அரண்மனை ஒன்று இருக்கிறது, சேலம் மாவட்டம்கூட எட்டிப் பார்க்கிறது. வாருங்கள், போவோம்!

ஏன் இந்த ஊர்?

நாட்றாம்பாளையம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தெற்குப் பக்கம், அஞ்செட்டி வட்டத்தில் இருக்கிறது. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று இறங்கி ஒகேனக்கல் பக்கம் போகிற வழி. சுற்றிலும் காடு, காவிரிக்கு அந்தப் பக்கம் கர்நாடகம். இதே மாவட்டத்தின் வடக்கு முனையில் உலகமே வேறு. ஓசூரில் சிப்காட், அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி. அந்தப் பட்டையில் காலையில் வேலைக்கு உட்கார்ந்ததும் டெர்மினலைத் திறக்கிறவர்கள் ஏராளம். வண்டிக்குள் ஓடும் மென்பொருள் எழுதுகிறவரும் சர்வரைக் கவனிக்கிறவரும் ஒரு நாளில் அதிகமாகத் தட்டும் கட்டளைகளில் ஒன்று ‘சிடி’. இருக்கும் டைரக்டரியிலிருந்து வேறொன்றுக்குப் போகச் சொல்லும் கட்டளை அது.

இன்னொரு காரணமும் உண்டு. 2011-ல் தொடங்கித் தமிழ்நாடு அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய லினக்ஸ் அது. அதாவது, நாம் பேசப் போகிற இந்தக் கறுப்புத் திரை மலையோரத்துப் பிள்ளைகளின் கைக்கும் போய்ச் சேர்ந்த ஒன்று. ஸாக்ஸைடு போன்ற கருவிக்கு இணைய இணைப்பும் வேண்டாம்; அதன் நினைவு முழுக்க உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது. சிக்னல் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அந்தத் திரையில் தட்ட வேண்டிய வழி நீளமாவது ஆர்வத்தில் அல்ல, அவசியத்தில். மேவன் முறையில் அமைந்த ஜாவா திட்டம் ஒன்றைத் திறந்து பாருங்கள்: எஸ்ஆர்சி/மெயின்/ஜாவா/காம் என்று நாலு படி இறங்கிய பிறகுதான் நிறுவனத்தின் பெயரே வரும். லினக்ஸ் கெர்னலில் ஒரு நெட்வொர்க் கார்டின் நிரலைத் தேடினால் டிரைவர்ஸ்/நெட்/ஈத்தர்நெட்/இன்டெல் என்று போக வேண்டும். இதையெல்லாம் நாள் முழுக்க எழுத்தெழுத்தாகத் தட்டினால் விரல் என்னத்துக்கு ஆகும்?

முதல் ரகசியம்: கருவி உங்களை நகர்த்துவதே இல்லை!

என்டர் தட்டியதும் ஸாக்ஸைடு உங்களைத் தூக்கிக்கொண்டு போய் நாட்றாம்பாளையத்தில் இறக்குகிறது என்றுதானே நினைப்போம்? இல்லவே இல்லை! அதனால் அது முடியாது. ஏன் முடியாது என்ற கதையைத்தான் நான் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1969. பெல் ஆய்வுக்கூடம். கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-7 என்ற சிறிய கணினியில் யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் வடிவத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் டைரக்டரிகள் உண்டு. ஆனால் சாய்கோடு போட்டு வழி எழுதும் வசதியே கிடையாது! எந்த டைரக்டரியில் நிற்கிறீர்களோ அங்கிருக்கும் பெயரை மட்டும்தான் சொல்ல முடியும். இடம் மாறும் கட்டளைக்குப் பெயர் ‘சிஎச்’, ரெண்டே எழுத்து. பிடிபி-11 கணினிக்கு மாறியபோது அது ‘சிஎச்டிஐஆர்’ என்று நீண்டது. ஏன் நீட்டினோம் என்பது தனக்கு நினைவில்லை என்று ரிட்சியே பிற்பாடு எழுதிவைத்தார். 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் பார்த்தால் ‘சிடி’ என்று மறுபடி ரெண்டெழுத்துக்குச் சுருங்கியிருக்கிறது. விரல்தான் ஜெயித்தது.

நடுவில் நடந்ததுதான் ரத்தினம். ஒரு நிரல் தன்னையே நகலெடுத்து இன்னொரு நிரலைப் பெறும் ‘ஃபோர்க்’ வசதியை பிடிபி-7-ல் சேர்த்தார்கள். அதற்குத் தேவைப்பட்டது வெறும் 27 வரி அசெம்பிளி நிரல். எல்லாம் அருமையாக ஓடியது. அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே பார்த்தால், டைரக்டரி மாற்றும் கட்டளை மட்டும் வேலை செய்யவில்லை! தட்டினால் பிழை இல்லை, புகார் இல்லை. ஆனால் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். நிரலைத் திருப்பித் திருப்பிப் படித்து, மண்டையைக் குடைந்து, கடைசியில் விளங்கியது. நாம் தட்டும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரலான ஷெல் ஒரு பிள்ளை நிரலைப் பெறுகிறது. பிள்ளை சொன்னபடி புது டைரக்டரிக்கு ஒழுங்காகப் போகிறது. போன கையோடு வேலை முடிந்து மறைந்துவிடுகிறது. தாய் ஷெல்லோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனவே அந்தக் கட்டளையைத் தனி நிரலாக வைக்காமல் ஷெல்லின் உடம்புக்குள்ளேயே வைத்தார்கள். இன்றும் ‘சிடி’ அங்கேதான் இருக்கிறது.

இப்போது ஸாக்ஸைடுக்கு வருவோம். அதுவும் ஒரு பிள்ளை நிரல்தானே? அது எங்கே ஓடினாலும் உங்கள் ஷெல் நகராது. அந்தப் பழைய இடைஞ்சல் அப்படியே காத்திருக்கிறது! அதைத் தாண்டச் செய்திருக்கும் ஏற்பாடு அவ்வளவு எளிமை, அவ்வளவு அழகு. கருவியை நிறுவும்போது உங்கள் பாஷ் ஷெல்லின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். டெர்மினல் திறக்கும்போது அந்த வரி ஸாக்ஸைடை அழைக்கும். ஸாக்ஸைடு ஒரு சின்ன ஷெல் நிரலை எழுதிக் கையில் கொடுத்துவிடும். ‘இசட்’ என்பது அந்த ஷெல் நிரல்தான். நீங்கள் ‘நாட்றா’ என்றதும் அது ஸாக்ஸைடிடம் ‘இது எங்கே?’ என்று கேட்கிறது. பிள்ளை முழு வழியையும் சொல்லிவிட்டு மறைகிறது. பிறகு தாய் ஷெல் தானே ‘சிடி’ போட்டுத் தன் காலால் நடந்து போகிறது. 2020-ன் கருவிக்குள் பிடிபி-7 காலத்து அந்தப் பாடம் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது!

அரண்மனையிலிருந்து வந்த அடுக்கு

‘சிடி’க்கும் ‘இசட்’டுக்கும் நடுவே நாற்பது ஆண்டு இடைவெளி. அதுவரை ஆட்கள் சும்மாவா இருந்தார்கள்?

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் சி-ஷெல்லை எழுதினார். அதில் ‘புஷ்டி’, ‘பாப்டி’ என்று ஒரு ஜோடி சேர்ந்தது. முன்னதைப் போட்டால் இப்போது நிற்கும் இடத்தை ஓர் அடுக்கில் வைத்துவிட்டுப் புது இடத்துக்குப் போகும். பின்னதைப் போட்டால் மேலே இருப்பதை எடுத்துப் பழைய இடத்துக்குத் திரும்பும். இந்த அடுக்கை முதலில் உருவாக்கியவர் பெர்க்லிக்காரர் இல்லை. ஆஸ்திரியாவில் லாக்சன்பர்க் என்ற ஊரில் இருக்கும் சர்வதேச ஆய்வு நிறுவனம் ஒன்றிலிருந்த ஜிம் கல்ப்! அந்த நிறுவனம் இயங்குவது ஹப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் பழைய அரண்மனையில். பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1972-ல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்து உட்கார்ந்து ஆராய்வதற்காகத் தொடங்கப்பட்டது. இன்று ஓசூர் பக்கத்தில் யாராவது ‘புஷ்டி’ என்று தட்டினால் அந்த அரண்மனை வாசல் வழியாகத்தான் போகிறார்!

பெல் ஆய்வுக்கூடத்தின் டேவிட் கோர்ன் தன் கோர்ன் ஷெல்லை 1983-ல் வெளியுலகுக்குக் காட்டினார். ‘சிடி’ போட்டு ஒரு சின்னக் கோடு மட்டும் இட்டால் கடைசியாக இருந்த இடத்துக்கே திரும்பலாம் என்ற வசதி அந்த ஷெல் வழியாகத்தான் பரவியது. இரண்டு டைரக்டரிகளுக்கு நடுவே ஊஞ்சலாடுகிறவர்களுக்கு இன்றைக்கும் இது சுருக்கமான வழி. ‘சிடிபாத்’ என்று இன்னொன்றும் வந்தது: அடிக்கடி போகும் பெரிய டைரக்டரிகளின் பட்டியலைக் கொடுத்துவிட்டால் அவற்றுக்குள் இருக்கும் டைரக்டரிகளுக்கு எங்கிருந்தும் பெயர் மட்டும் சொல்லிப் போகலாம்.

டாஸ் காலத்தில் கணினி படித்தவர்களுக்கு நார்ட்டன் யுடிலிட்டீஸ் நினைவிருக்கும். அதில் என்சிடி என்று ஒரு கருவி உண்டு. வட்டு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி, எல்லா டைரக்டரிகளையும் மரமாக ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். பெயரின் தொடக்கத்தைத் தட்டினால் தாவும். பிரமாதமான வசதி! ஆனால் அதற்கு மரம் தெரியும், உங்களைத் தெரியாது. நேற்று முழுக்க நீங்கள் வேலை பார்த்த டைரக்டரியும், ஆறு வருஷமாக யாரும் எட்டிப் பார்க்காத டைரக்டரியும் அதற்கு ஒன்றுதான்.

அடுக்கு, கோடு, பட்டியல், மரம் எதை எடுத்தாலும் ஒன்று பொது: எங்கே போக வேண்டும் என்பதை மனிதர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும், அல்லது முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இந்தக் கதையின் திருப்பம், அந்தப் பொறுப்பு இயந்திரத்தின் பக்கம் சாய்ந்த இடத்தில் இருக்கிறது.

கால் போகும் பக்கம் கண் வைத்தவர்கள்

2008-ல் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்தபோது அதன் முகவரிப் பட்டை திடீரென்று புத்திசாலியானது ஞாபகமிருக்கிறதா? இரண்டு எழுத்து தட்டினால் நீங்கள் அடிக்கடி போகும், அண்மையில் போன பக்கத்தை மேலே கொண்டுவந்து நிறுத்தியது. எத்தனை முறை, எவ்வளவு அண்மையில் என்ற இரண்டையும் ஒரே எண்ணாகக் கலந்த கணக்கு அது.

டெர்மினல் உலகிலும் அதே பருவத்தில் அதே மணம். ஜோயல் ஷாரர் 2008 வாக்கில் பைதானில் எழுதிய ஆட்டோஜம்ப் நீங்கள் போகும் இடங்களைத் தானே குறித்துக்கொள்ள ஆரம்பித்தது. அதன் கணக்கைப் பாருங்கள், ஆனந்தமாக இருக்கும்! முதல் முறை ஒரு டைரக்டரிக்குப் போனால் 10 மதிப்பெண். அடுத்த முறை 20 ஆகாது. பழைய மதிப்பெண்ணின் வர்க்கத்தோடு 100-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கும். எனவே இரண்டாம் முறை 14.1, மூன்றாம் முறை 17.3. நூறு முறை போனால் சரியாக 100. முதல் சில வருகைகளுக்கு மதிப்பு அதிகம். போகப் போக ஏற்றம் குறையும். நேற்றுத்தான் தொடங்கிய புதுத் திட்டமும் சீக்கிரம் மேலே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த வர்க்கமூலம் இங்கே வந்து நியாயம் பேசுகிறது!

2009-ல் ரூபா டெட்வைலர் எழுதிய ‘இசட்’ என்ற தனிக் கருவி அடுத்த பாய்ச்சல். பைதானும் வேண்டாம், ஷெல்லும் ‘ஆக்’ மொழியும் போதும். சில நூறு வரிகளுக்குள் அடங்கிய நிரல். அதன் நினைவு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு: ஒவ்வொரு வரியிலும் வழி, மதிப்பெண், கடைசியாகப் போன நேரம். எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். 2011-ல் வெய் டாய் எழுதிய ஃபாஸ்டு இதையே கோப்புகளுக்கும் நீட்டியது. பிறகு 2020-ல் ஸாக்ஸைடு. புதிதாக வந்தது பழையவற்றை ஒதுக்கித் தள்ளவில்லை. ஆட்டோஜம்ப், ‘இசட்’ இரண்டின் நினைவுக் கோப்புகளையும் வாங்கிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. முன்னோடியிடம் பல வருஷம் சேர்ந்த பழக்கம் அப்படியே வாரிசுக்குப் போய்விடுகிறது.

தினமும் ஏறுகிறவரிடம் டவுன் பஸ் கண்டக்டர் ஊர் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்ததும் டிக்கெட்டைக் கிழிக்கிறார். இந்தக் கருவிகள் செய்வதும் அதுதான்.

மதிப்பெண் போடும் அறை

இப்போது உள்ளறைக்குள் நுழைகிறோம். சத்தம் வேண்டாம், கணக்கு நடக்கிறது!

ஒவ்வொரு முறை டெர்மினல் உங்களுக்காகக் காத்திருக்கும் வரியைக் காட்டும்போதும் ஸாக்ஸைடின் சின்னக் கொக்கி ஒன்று விழித்துப் பார்க்கிறது: ‘இருந்த இடம் மாறியிருக்கிறதா?’ மாறியிருந்தால் புது டைரக்டரிக்கு ஒரு மதிப்பெண் கூடுகிறது. மாறாவிட்டால் பேசாமல் படுத்துக்கொள்கிறது. பழைய ‘இசட்’டுக்கும் இதற்கும் இங்கே ஒரு நுட்பமான வித்தியாசம். பழையது ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் போட்டது. ஒரே டைரக்டரியில் உட்கார்ந்து ஐம்பது கட்டளை தட்டினால் ஐம்பதும் சேர்ந்தது. புதியது, நீங்கள் கேட்டுக்கொண்டால் தவிர, வருகையை மட்டுமே எண்ணுகிறது. உட்கார்ந்திருப்பது பெரிதா, வந்து போவது பெரிதா? இரண்டு பதில்களும் நிரலாகவே இருக்கின்றன!

நீங்கள் ‘நாட்றா’ என்று கேட்கும்போது பொருந்தும் டைரக்டரிகளின் மதிப்பெண்களை எடுத்து நேரத்தோடு கலக்கிறது. கடைசியாகப் போனது ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 4-ஆல் பெருக்கு. ஒரு நாளுக்குள் என்றால் 2-ஆல் பெருக்கு. ஒரு வாரத்துக்குள் என்றால் 2-ஆல் வகு. அதற்கும் முன்பென்றால் 4-ஆல் வகு. மனக்கணக்காகவே போட்டுவிடலாம். பழைய டைரக்டரி ஒன்றுக்கு 40 மதிப்பெண், ஆனால் போய்ப் பத்து நாள் ஆகிறது: 40-ஐ 4-ஆல் வகுத்தால் 10. புதியதற்கு வெறும் 3 மதிப்பெண், ஆனால் இருபது நிமிஷத்துக்கு முன்தான் போனது: 3-ஐ 4-ஆல் பெருக்கினால் 12. புதியது ஜெயித்தது! பழகிய இடத்துக்கு மரியாதை உண்டு; இன்றைய வேலைக்கு முன்னுரிமையும் உண்டு. நாலு விதி, அவ்வளவுதான். இதற்குள் எந்தப் பெரிய செயற்கை நுண்ணறிவும் இல்லை.

எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே போனால் நினைவு உப்பிவிடாதா? அதற்குத்தான் மறதி. மொத்த மதிப்பெண் 10,000-ஐத் தாண்டியதும் எல்லோருடைய மதிப்பெண்ணும் ஒரே விகிதத்தில் சுருங்கி, மொத்தம் 9,000 ஆகிறது. அப்படிச் சுருங்கியதில் 1-க்குக் கீழே போனவை பட்டியலை விட்டே வெளியேறுகின்றன. எப்போதோ ஒரே ஒரு தடவை தலைகாட்டிய டைரக்டரி ஓசையில்லாமல் உதிர்ந்துவிடும். நினைவில் வைப்பதை எல்லோரும் பாராட்டுவார்கள். எனக்கோ இந்த மறதிதான் கருவியின் உயிர் என்று படுகிறது. மறக்கத் தெரிந்ததால்தான் அதன் பதில் எப்போதும் இன்றைய பதிலாக இருக்கிறது.

சின்னச் சின்ன அக்கறைகளும் உண்டு. உங்கள் ஹோம் டைரக்டரிக்கு இயல்பாகவே மதிப்பெண் கிடையாது. வெறும் ‘சிடி’ தட்டினாலே வீடு போய்விடலாமே, அதற்கு எதற்கு இடம்? நினைவுக் கோப்பை நேரடியாகத் திருத்தி எழுதுவதும் இல்லை. தற்காலிகக் கோப்பு ஒன்றில் முழுசாக எழுதி முடித்து, பிறகுதான் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. நடுவில் கரண்ட் போனாலும் பாதி எழுதிய நினைவு மிஞ்சாமலிருக்க இந்த முறை. விண்டோஸில் அந்தப் பெயர் மாற்றம் சில நேரம் மறுக்கப்படும். அதற்காக ஐந்து முறை வரை முயன்று பார்க்கும். யார் கண்ணிலும் படாத மூலையில் இவ்வளவு கவனம்! ஒரே பெயரில் பல டைரக்டரிகள் இருந்து நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுக்க விரும்பினால் ‘இசட்ஐ’. ஜூன்கன் சோயின் எஃப்இசட்எஃப் கருவியைத் துணைக்கு அழைத்துப் பட்டியலை விரித்துக் காட்டும்.

மூன்று வழி மாறிய ஊர்

இங்கேதான் நாட்றாம்பாளையம் தன் வேலையைக் காட்டுகிறது. 1965 அக்டோபர் 2 வரை இந்தப் பகுதி சேலம் மாவட்டம். அன்று தர்மபுரி மாவட்டம் பிறந்தது. 2004 பிப்ரவரி 9-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பிறகு தேன்கனிக்கோட்டை வட்டத்திலிருந்து அஞ்செட்டி தனி வட்டமானது. ஊர் ஓர் அடி நகரவில்லை. அதற்குப் போகும் வழி மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து அடுக்குகிறவர் இதே ஊரை சேலத்துக்குக் கீழும், தர்மபுரிக்குக் கீழும், கிருஷ்ணகிரிக்குக் கீழும் வைக்க வேண்டிவரும்.

முழு வழியையும் தட்டிப் பழகியவர் ஒவ்வொரு முறையும் எந்தக் காலத்து மாவட்டம் என்று யோசித்தாக வேண்டும். ‘இசட்’ பழகியவருக்கு அந்தக் கவலை இல்லை. ‘நாட்றா’ என்றால் இப்போது அதிகம் புழங்கும் டைரக்டரிக்குப் போகும். ‘தர்ம நாட்றா’ என்று இரண்டு துண்டு கொடுத்தால் தர்மபுரிக்குக் கீழே இருப்பதற்குப் போகும். துண்டுகள் வழியில் அதே வரிசையில் வர வேண்டும். கடைசித் துண்டு வழியின் கடைசிப் பெயரில் இருக்க வேண்டும். அதனால்தான் ‘அஞ்செட்டி’ என்று மட்டும் சொன்னால் அஞ்செட்டியிலேயே நிற்கும், ஊருக்குள் இறங்காது. டைரக்டரியையே இடம் மாற்றிவிட்டீர்களா? பழைய வழி வட்டில் இல்லை என்று கண்டதும் அதைக் காட்டாமல் தாண்டிவிடும். 90 நாள் யாரும் அந்தப் பக்கம் போகாமலிருந்தால் நினைவிலிருந்தே எடுத்துவிடும்.

நம் ஊர்ப் பெயர்களுக்கென்றே ஒரு குறிப்பு: ‘பாளையம்’ என்று கேட்காதீர்கள்! மேட்டுப்பாளையமும் கோபிசெட்டிபாளையமும் உங்கள் கணினியில் இருந்தால் மூன்றும் போட்டிக்கு நிற்கும். முன்பாதிதான் முகவரி. ஆங்கில எழுத்தில் பெயர் வைக்கிறவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். ‘நாட்ராம்’, ‘நாட்டராம்’ என்று ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு. கருவியோ எழுத்துப் பிழையை மன்னிக்காது, கொடுத்த துண்டு அப்படியே இருந்தால்தான் பிடிக்கும். அலுவலகத்தில் ஐந்து பேர் சேர்ந்து வேலை செய்தால் எழுத்துக்கூட்டை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

டைரக்டரிக்குத் தமிழிலேயே பெயர் வைத்தால்? அங்கேதான் கடைசித் திரை விலகுகிறது.

‘நாட்றாம்பாளையம்’ நமக்கு 8 எழுத்து. யூனிகோடில் அது 15 குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 45 பைட். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு எல்லை 255 பைட். அப்படியானால் தமிழ்க் குறியீடுகள் அதிகபட்சம் 85. ஊர்ப் பெயருக்குத் தாராளம். அரசாணைத் தலைப்பை அப்படியே பெயராக வைக்கிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்!

விறுவிறுப்பு அதற்கடுத்து. ‘கொள்முதல்’ என்று ஒரு டைரக்டரி. அதன் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றேதான்; பைட்டுகள் வேறு வேறு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றின் குறிகளுக்கும் இதே கதை. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். அங்கிருந்து ஒரு பெயர் லினக்ஸுக்கு வந்தால் அதே பிரித்த வடிவில் உட்கார்ந்துகொள்ளலாம். நீங்களோ சேர்ந்த வடிவில் தட்டுகிறீர்கள். விளைவு: கண்ணெதிரே ‘கொள்முதல்’ இருக்கிறது, ‘இசட் கொள்’ என்றால் இல்லை என்கிறது! லினக்ஸில் ஒரே இடத்தில் இரண்டு ‘கொள்முதல்’களை அருகருகே உருவாக்கவும் முடியும். செய்து பாருங்கள், வியந்துபோவீர்கள்.

நான் படித்த பதிப்பில் ஸாக்ஸைடின் ஒப்பிடும் பகுதி ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வேற்றுமையை நீக்குகிறது. தமிழ்க் குறிகளின் இந்த வேற்றுமையை நீக்குவதில்லை. செய்ய வேண்டியது தெளிவு. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் யூனிகோடு வகுத்திருக்கும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். ரஸ்ட் மொழியில் அதற்குத் தயாரான நூலகம் இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: மாற்றிய வடிவை ஒப்பிடுவதற்கு மட்டுமே பயன்படுத்தி, ‘சிடி’க்குக் கொடுக்கும்போது வட்டில் இருக்கும் பைட்டுகளை அப்படியே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் லினக்ஸ் கதவைத் திறக்காது. ‘கொள்முதல்’ என்ற ஒரு பெயரை இரண்டு வடிவிலும் வைத்து ஒரு சோதனையும் கூடவே எழுதினால், சரியாகிவிட்டதா என்பது யாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

இந்த வரலாற்றின் ஒவ்வொரு படியும், தன் விரல் படும் பாட்டைத் தானே கவனித்த ஒருவர் வைத்தது. அவர்களில் யாரும் தமிழில் டைரக்டரிப் பெயர் தட்டியதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் படி இன்னும் காலியாக இருக்கிறது. தட்டுகிறவர்கள் நாம். அஞ்செட்டி வட்டத்தில் ஒரு மடிக்கணினியும், ரஸ்ட் படிக்கும் ஆசையும், ‘கொள்முதல்’ என்று ஒரு டைரக்டரியும் வைத்திருக்கும் மாணவிக்கு இந்தப் பிழை வேறு யாரையும்விட முதலில் கண்ணில் படும். மூலநிரல் திறந்திருக்கிறது; திருத்தம் அனுப்ப யாருடைய சிபாரிசும் தேவையில்லை. இறங்குங்கள்!